டேமரோனியா: ஒரு டிரம்மர் மீட்டெடுத்த இசை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாஸ் கேட்கிற நண்பர்களிடம் டாட் டேமரன் என்ற பெயரைச் சொன்னால், பெரும்பாலும் அடுத்து ஒரு சின்ன மௌனம் வரும். அவர் எழுதிய பாட்டு ஒன்றை முணுமுணுத்துக் காட்டினால், "அட, இது தெரியுமே" என்பார்கள். இந்த இடைவெளியை நிரப்ப 1980களின் தொடக்கத்தில் ஒரு டிரம்மர் முயன்றார். அந்த முயற்சியைப் பற்றி நண்பர்கள் அவ்வப்போது கேட்ட கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

எந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

"டு டாட் வித் லவ்". அன்புடன் டாடுக்கு என்று பொருள். 1982இல் பதிவானது, அப்டவுன் என்ற சிறிய அமெரிக்க நிறுவனம் வெளியிட்டது. வாசித்தது டேமரோனியா என்ற ஒன்பது பேர் கொண்ட குழு. அதை உருவாக்கி நடத்தியவர் டிரம்மர் ஃபில்லி ஜோ ஜோன்ஸ். அடுத்த ஆண்டு, 1983இல், அதே குழு "லுக் ஸ்டாப் லிசன்" என்ற இரண்டாவது ஆல்பத்தையும் பதிவுசெய்தது. அதில் டெனர் சாக்ஸபோன் மேதை ஜானி கிரிஃபின் விருந்தாளியாக வந்து சேர்ந்தார்.

இரண்டு ஆல்பங்களின் நோக்கமும் ஒன்றுதான்: 1965இல் இறந்துபோன டாட் டேமரனின் இசையை, அவர் எழுதிய விதத்திலேயே மறுபடி ஒலிக்கவைப்பது.

டாட் டேமரன் யார்?

1917இல் ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில் பிறந்தவர். பியானோ வாசிப்பார், ஆனால் அவருடைய உண்மையான வாத்தியம் இசைக்குழுதான். பேனாவையும் தாளையும் வைத்துக்கொண்டு எந்த வாத்தியத்துக்கு எந்த சுரம் என்று எழுதுவதில்தான் அவருடைய மேதைமை இருந்தது. 1940 வாக்கிலேயே கேன்சஸ் சிட்டியில் ஹார்லன் லெனர்டின் குழுவுக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

அப்புறம் நியூயார்க்கில் பீபாப் பிறந்தது. வேகமும் சிக்கலும் மிகுந்த, அன்றைய இளைஞர்கள் உருவாக்கிய ஜாஸ். டிஸ்ஸி கில்லெஸ்பி, சார்லி பார்க்கர் ஆகியோரின் பெயர்கள் அந்த வகையோடு ஒட்டிக்கொண்டன. அந்தக் குழுக்கள் வாசிக்க நல்ல பாட்டுகள் வேண்டுமே, அவற்றில் பலவற்றை எழுதித் தந்தவர் டேமரன். "ஹாட் ஹவுஸ்", "குட் பெய்ட்", "அவர் டிலைட்", "லேடி பேர்ட்" எல்லாம் அவருடையவை. சாரா வான் 1946இல் பாடிய "இஃப் யூ குட் சீ மீ நௌ" என்ற உருக்கமான பாட்டின் மெட்டும் அவருடையதே.

1948இல் நியூயார்க்கின் ராயல் ரூஸ்ட் கிளப்பில் தன் சொந்தக் குழுவை நடத்தினார், டிரம்பெட்டில் ஃபேட்ஸ் நவாரோ. 1949 மே மாதம் பாரிஸில் நடந்த ஜாஸ் விழாவில் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸுடன் சேர்ந்து குழுவை வழிநடத்தினார். பீபாப் காலத்தின் ரொமான்டிக் என்று அவரைச் சொல்வது வழக்கம். அது சரியான பெயர்தான். மற்றவர்கள் வேகத்தைக் காட்டிய இடத்தில் அவர் மெட்டின் அழகைக் காட்டினார்.

வாழ்க்கை அவரிடம் அவ்வளவு கனிவாக இல்லை. போதைப் பழக்கம், வழக்கு, தண்டனை. கென்டக்கியின் லெக்சிங்டனில் இருந்த அரசு சிகிச்சைச் சிறையிலிருந்து 1961இல் வெளியே வந்தார். 1962இல் ரிவர்சைடு நிறுவனத்துக்காக "தி மேஜிக் டச்" என்ற பெரிய இசைக்குழு ஆல்பத்தைச் செய்தார். மூன்று ஆண்டுகளில் புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. வயது 48.

இத்தனை பாட்டுகள் பிரபலம் என்றால், "மறக்கப்பட்டவர்" என்று ஏன் சொல்கிறீர்கள்?

நியாயமான கேள்வி. இதற்கான பதிலில்தான் இந்த ஆல்பத்தின் முக்கியத்துவமே இருக்கிறது.

ஜாஸில் ஒரு பாட்டு கைமாறும்போது பெரும்பாலும் இரண்டு விஷயங்கள்தான் கைமாறும்: மெட்டு, அதன் அடியில் ஓடும் கார்டுகள் (சேர்ந்தாற்போல ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்). ஒரு பக்கத் தாளில் அடங்கிவிடும். அதை வைத்துக்கொண்டு யாரும் வாசிக்கலாம். டிரம்பெட்டும் சாக்ஸபோனும் சேர்ந்து மெட்டை ஒருமுறை வாசித்துவிட்டு, ஆளுக்கொரு சுற்று கற்பனையாக வாசித்துவிட்டு, மறுபடி மெட்டோடு முடிப்பார்கள். கச்சேரியில் கீர்த்தனையைப் பாடிவிட்டுக் கல்பனாஸ்வரத்துக்குள் போவதை நினைத்துக்கொள்ளுங்கள். "குட் பெய்ட்", "லேடி பேர்ட்" போன்றவை இப்படித்தான் பிழைத்தன.

ஆனால் டேமரன் எழுதியது அந்த ஒரு பக்கம் மட்டும் அல்ல. மெட்டுக்கு அடியில் இரண்டாவது டிரம்பெட் எங்கே போகும், டிராம்போன் எந்த சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், பாரிடோன் சாக்ஸபோன் எப்போது கீழே இறங்கி அடித்தளம் போடும், ஒருவர் தனியாக வாசிக்கும்போது பின்னால் மற்றவர்கள் எந்த வரியைச் சொல்வார்கள் – இதையெல்லாம் எழுதினார். அவருடைய தனித்தன்மை அங்கேதான். ஐந்து பேர் குழுவில் அந்த உள்வரிகளுக்கு இடமே இல்லை, அதனால் அவை காணாமல் போயின. இசைத்தாள்களில் பெரும்பகுதியும் தொலைந்துவிட்டது.

பெயர் மங்கியதற்கு வேறு சில காரணங்களும் உண்டு. "லேடி பேர்ட்" கார்டுகளின் மேல் மைல்ஸ் டேவிஸ் "ஹாஃப் நெல்சன்" என்ற புது மெட்டைக் கட்டினார், அது மைல்ஸ் பெயரில் வாழ்கிறது. (பழைய அஸ்திவாரத்தின் மேல் புது வீடு கட்டுவது ஜாஸில் தப்பே இல்லை. டேமரனும் "ஹாட் ஹவுஸ்" பாட்டை கோல் போர்ட்டரின் ஒரு பாட்டின் கார்டுகளின் மேல்தான் கட்டினார்.) 1956இல் டேமரன் தன் பெயரில் செய்த "மேட்டிங் கால்" ஆல்பத்தில் சாக்ஸபோன் வாசித்தவர் ஜான் கோல்ட்ரேன். கோல்ட்ரேன் புகழ் ஏறியபின் வந்த மறுபதிப்பில் கோல்ட்ரேன் பெயர்தான் முன்னால் வந்தது. இன்னொன்று: 1958இல் கோல்ட்ரேன் வெளியிட்ட "சோல்ட்ரேன்" ஆல்பத்தின் தலைப்பு, டேமரன் அவருக்காக எழுதிய பாட்டின் பெயர். அந்தப் பாட்டு அந்த ஆல்பத்தில் இல்லை! முதல் பாட்டாக இருப்பது "குட் பெய்ட்", அதுவும் டேமரனுடையதுதான். இந்த விவரம் தெரியாமல் பல ஆண்டுகள் அந்த ஆல்பத்தைக் கேட்டிருக்கிறேன்.

ஃபில்லி ஜோ ஜோன்ஸுக்கும் டேமரனுக்கும் என்ன உறவு?

நெடுநாள் உறவு. ஃபில்லி ஜோ 1923இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். கவுன்ட் பேஸி குழுவில் ஏற்கெனவே ஜோ ஜோன்ஸ் என்று ஒரு மாபெரும் டிரம்மர் இருந்ததால், குழப்பம் வராமலிருக்க ஊர்ப்பெயரைச் சேர்த்துக்கொண்டார். இளம் வயதில் சில காலம் ஊரில் டிராம் ஓட்டியிருக்கிறார். 1955 முதல் 1958 வரை மைல்ஸ் டேவிஸின் புகழ்பெற்ற ஐவர் குழுவில் டிரம்ஸ் வாசித்ததால்தான் உலகம் அவரை அறியும்.

ஆனால் அதற்கு முன்பே, 1953இல், அவர் டேமரனின் ஒன்பது பேர் குழுவில் இருந்தார். அந்த ஆண்டு ஜூனில் பிரெஸ்டீஜ் நிறுவனத்துக்காக நான்கு பாட்டுகள் பதிவாயின. குழுவைப் பாருங்கள்: டிரம்பெட்டில் கிளிஃபோர்ட் பிரவுன், ஆல்டோ சாக்ஸபோனில் ஜிஜி கிரைஸ், டெனர் சாக்ஸபோனில் பென்னி கோல்சன், பாஸில் பெர்சி ஹீத். அன்று அவர்களில் பலர் பெரிதாக அறியப்படாத இளைஞர்கள். நான்கு பாட்டுகளில் ஒன்றின் பெயர் "ஃபில்லி ஜே.ஜே.". டிரம்மரை முன்னிறுத்தி, அவர் பெயரிலேயே டேமரன் எழுதிய பாட்டு அது.

1956இல் மைல்ஸ் குழு "டாட்ஸ் டிலைட்" என்ற டேமரன் பாட்டைப் பதிவுசெய்தபோது டிரம்ஸில் ஃபில்லி ஜோ. அதே ஆண்டு நவம்பரில் "மேட்டிங் கால்" பதிவிலும் அவர். 1962இல் "தி மேஜிக் டச்" பதிவிலும் அவர். டேமரன் இறந்தபின் ஃபில்லி ஜோ லண்டனிலும் பாரிஸிலும் சில ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு 1970களில் அமெரிக்கா திரும்பினார். அறுபதை நெருங்கும் வயதில், தன் பெயரில் ஒரு குழு அமைக்கும் வாய்ப்பு வந்தபோது, தன் சொந்தப் பெருமையைப் பேசும் குழுவாக அதை அமைக்கவில்லை. நண்பருடைய பெயரை வைத்தார். 1947இல் டேமரன் ப்ளூ நோட் நிறுவனத்துக்காகப் பதிவுசெய்த பாட்டு ஒன்றின் பெயர்தான் "டேமரோனியா".

இசைத்தாள்களே இல்லை என்றால் எப்படி வாசித்தார்கள்?

காதால் கேட்டு எழுதினார்கள். இந்த வேலையைச் செய்தவர்கள் டிரம்பெட் கலைஞர் டான் சிக்லரும் ஜான் ஓடோவும். சிக்லர் குழுவில் வாசித்தது மட்டுமல்லாமல் இசைப் பொறுப்பையும் ஏற்றிருந்தார். பழைய இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ஒவ்வொரு வாத்தியமும் என்ன வாசிக்கிறது என்று பிரித்து, தாளில் இறக்கினார்கள்.

சொல்லும்போது சுலபமாகத் தெரியும். மேலே போகிற முதல் டிரம்பெட்டை எழுதுவது சுலபம்தான், மெட்டு அங்கேதான் இருக்கிறது. கீழே இருக்கிற பாரிடோனையும் பிடித்துவிடலாம். நடுவில் இருக்கிற மூன்று நான்கு குரல்கள்தான் உயிரை வாங்கும். 1950களின் மோனோ பதிவில் இரண்டாவது டிரம்பெட்டும் ஆல்டோ சாக்ஸபோனும் அடுத்தடுத்த சுரத்தில் உரசிக்கொண்டு நிற்கும்போது, எது யாருடையது என்று காதுக்குத் தனியாகத் தெரியாது. கலந்த நிறம் ஒன்று மட்டும் கேட்கும். அந்த நிறம் எந்தெந்தச் சாயத்தைக் கலந்து வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். பதிவின் வேகம் கொஞ்சம் மாறியிருந்தால் சுருதியே தப்பாகக் காட்டும். அதற்கு மேல், வாசித்தவர் அன்று செய்த தவறை எழுதுவதா, டேமரன் எழுதியிருக்கக்கூடியதை எழுதுவதா என்ற தீர்மானமும் எடுக்க வேண்டும்.

அதற்கு டேமரனின் பழக்கங்கள் தெரிந்திருக்க வேண்டும். அவர் எப்படிக் குரல்களை அடுக்குவார், எந்த இடத்தில் உரசலை விரும்புவார், எங்கே திறந்துவிடுவார் என்று. தெரிந்தவர்கள் அதே அறையில் உட்கார்ந்திருந்தார்கள். பாரிடோன் வாசித்த செசில் பெய்ன், 1956இல் டேமரனின் "ஃபான்டேன்ப்ளோ" முதல் பதிவிலேயே பாரிடோன் வாசித்தவர். முதல் ஆல்பத்தின் டிராம்போன் கலைஞர் பிரிட் வுட்மன் "தி மேஜிக் டச்" பதிவில் இருந்தவர். டிரம்ஸில் ஃபில்லி ஜோ. எழுதியெடுத்த தாளில் ஒரு வரி பொருந்தவில்லை என்றால் அதை உணரக்கூடிய உடம்புகள் அவை.

ஏன் சரியாக ஒன்பது பேர்?

1953 குழுவில் இருந்த வாத்தியங்களை எண்ணுங்கள்: இரண்டு டிரம்பெட், ஒரு டிராம்போன், ஆல்டோ, டெனர், பாரிடோன் என மூன்று சாக்ஸபோன், பியானோ, பாஸ், டிரம்ஸ். 1982 குழுவை எண்ணுங்கள்: டிரம்பெட்டில் டான் சிக்லரும் ஜானி கோல்ஸும், டிராம்போனில் பிரிட் வுட்மன், ஆல்டோவில் ஃபிராங்க் வெஸ், டெனரில் சார்லஸ் டேவிஸ், பாரிடோனில் செசில் பெய்ன், பியானோவில் வால்டர் டேவிஸ் ஜூனியர், பாஸில் லேரி ரிட்லி, டிரம்ஸில் ஃபில்லி ஜோ. ஒன்றுக்கொன்று அப்படியே பொருந்தும்.

இது டேமரனுக்கு உகந்த அளவு. ஐந்து பேர் இருந்தால் உள்வரிகளுக்கு ஆள் போதாது. பதினேழு பேர் இருந்தால் கனம் கூடி, பீபாப்பின் துள்ளல் போய்விடும். ஒன்பது பேரில், பெரிய குழுவின் நிறமும் கிடைக்கும், சின்னக் குழுவின் சுறுசுறுப்பும் கிடைக்கும்.

பியானோ கலைஞரோ இசையமைப்பாளரோ செய்யவேண்டிய வேலை அல்லவா இது? டிரம்மர் ஏன்?

எனக்கும் முதலில் இந்தச் சந்தேகம் இருந்தது. இப்போது டிரம்மர்தான் இதற்கு மிகப் பொருத்தமானவர் என்றே நினைக்கிறேன்.

இப்படிப்பட்ட குழுவில் சாக்ஸபோன் கலைஞர் முன்னால் தன் வரி மட்டும் இருக்கும் தாள் இருக்கும். டிரம்மருடைய தாளில் பெரும்பாலும் அவ்வளவாக ஒன்றும் எழுதியிருக்காது: எத்தனை அளவு (ஒரு தாளச் சுற்றுக்கு அந்தப் பெயர்), எங்கே நிறுத்தம், எங்கே எல்லோரும் சேர்ந்து ஒரு அடி. மற்றதை அவர் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். டிரம்பெட்டுகள் ஒரு அடியை அடிப்பதற்கு அரை நொடிக்கு முன்னால் டிரம்மர் அதற்கு வழி திறந்துவிட வேண்டும், அந்த அடியில் கூடவே இருக்க வேண்டும். அதனால் நல்ல டிரம்மருக்கு எல்லோருடைய வரியும் மனப்பாடம். மொத்தக் கட்டடத்தையும் உள்ளே நின்று பார்க்கிறவர் அவர்.

டேமரனின் அரேஞ்ச்மென்ட்கள் (எந்த வாத்தியம் எதை வாசிக்கும் என்று எழுதிய முழு அமைப்புகள்) எப்படி மூச்சு விட்டன, எந்த வேகத்தில் சரியாக உட்கார்ந்தன, எங்கே சத்தத்தைக் குறைத்தால் உள்வரி வெளியே வரும் – இதெல்லாம் இசைத்தட்டிலிருந்து எழுதியெடுத்த தாளில் வராது. ஃபில்லி ஜோவின் கைகளில் அது இருந்தது.

டிரம்ஸில் குறிப்பாக எதைக் கவனிக்கலாம்?

மூன்று விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, வாசலைத் திறக்கும் அடிகள். குழு மொத்தமும் ஒரு வரியைச் சொல்லப்போகும் முன், ஸ்நேர் என்ற, சடசடவென ஒலிக்கும் சின்ன டிரம்மில் ஒரு சின்னச் சொற்கட்டு வரும். அது அலங்காரம் மாதிரி கேட்கும், ஆனால் எட்டுப் பேருக்கும் எங்கே நுழைய வேண்டும் என்று சொல்லும் அடையாளம் அது. அதை மட்டும் தனியாகப் பின்தொடர்ந்து ஒருமுறை கேட்டுப்பாருங்கள்.

இரண்டாவது, ரூடிமென்ட்கள். அணிவகுப்பு டிரம்மர்கள் பயிலும் அடிப்படைக் கை வரிசைகளுக்கு அந்தப் பெயர். கிளீவ்லாந்து ஆசிரியர் சார்லஸ் வில்காக்சனின் பயிற்சிப் புத்தகத்தை ஃபில்லி ஜோ கரைத்துக் குடித்தவர், அதிலுள்ள சொற்கட்டுகள் அவருடைய தனி வாசிப்புகளில் அப்படியே வந்து விழும். ராணுவ மிடுக்கோடு இருக்கும் அவற்றை ஸ்விங் நடையில் வளைத்து வாசிப்பதுதான் அவருடைய கைவண்ணம். (டேமரனும் கிளீவ்லாந்துக்காரர், வில்காக்சனும் கிளீவ்லாந்துக்காரர். தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.)

மூன்றாவது, அடங்கி வாசிக்கும் இடங்கள். "சோல்ட்ரேன்" போன்ற மெதுவான பாட்டில் அவர் என்ன செய்கிறார் என்று கேளுங்கள். மைல்ஸ் குழுவில் 1958இல் வந்த "மைல்ஸ்டோன்ஸ்" பாட்டில் ஒவ்வொரு அளவின் நான்காவது அடியிலும் ஸ்நேரின் விளிம்பில் குச்சியால் "டக்" என்று தட்டுவாரே, அதற்கே "ஃபில்லி லிக்" என்று பெயர் வந்துவிட்டது. அவ்வளவு கையடக்கத்தோடு ஒரே ஒரு தட்டில் குழுவை நடத்தத் தெரிந்தவர். குச்சிக்குப் பதிலாகக் கம்பித் தூரிகையால் வாசிக்கும் பிரஷ் வாசிப்பில் அவர் ஒரு ஆசான், அதற்கென்றே பயிற்சி நூல் எழுதியவர்.

"ஃபான்டேன்ப்ளோ" பற்றித் தனியாகப் பேசுகிறார்களே, அதில் என்ன விசேஷம்?

பிரான்ஸில் அரண்மனையும் காடும் உள்ள ஊர் ஃபான்டேன்ப்ளோ. அந்தப் பெயரில் டேமரன் 1956இல் பதிவுசெய்த படைப்பு மூன்று பகுதிகள் கொண்டது: காடு, அன்னங்கள், விடைபெறுதல். ஜாஸ் என்றாலே கற்பனை வாசிப்பு என்று நினைக்கிறவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும், ஏனென்றால் இது ஏறக்குறைய முழுவதும் எழுதப்பட்ட இசை. யாரும் முன்னால் வந்து தன் திறமையைக் காட்டுவதில்லை. ஒரு காட்சி இன்னொன்றாகக் கரைகிறது. 1962இல் "தி மேஜிக் டச்" ஆல்பத்துக்காகப் பெரிய குழுவுக்கு இதையே திரும்ப எழுதினார்.

இந்த மாதிரி படைப்பு ஒரு பக்கத் தாளில் பிழைக்கவே முடியாது. மெட்டையும் கார்டையும் எடுத்துக்கொண்டு நாலு பேர் உட்கார்ந்தால், வாசிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. முழு அரேஞ்ச்மென்டும் கிடைத்தால்தான் உண்டு, இல்லையென்றால் இல்லை. டேமரோனியா குழு செய்த காரியத்தின் அருமை வேறெந்தப் பாட்டையும்விட இதில்தான் எனக்குப் புரிந்தது. 1956 பதிவை முதலில் கேட்டேன். அழகாக இருந்தது, ஆனால் நடுக்குரல்கள் மங்கலாகவே கேட்டன. 1982 பதிவில் அதே பகுதி வந்தபோது, இத்தனை வரிகள் அங்கே இருந்தனவா என்று நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

பழையதை அப்படியே நகலெடுப்பது ஜாஸுக்கு விரோதம் இல்லையா?

எழுதியதை எழுதியபடி வாசிப்பது நகல் என்றால், பெத்தோவனை வாசிக்கிற எல்லோரும் நகலெடுக்கிறவர்கள்தான். டேமரோனியா திரும்பக் கொண்டுவந்தது எழுதப்பட்ட பகுதியை. தனி வாசிப்புகள் அவரவருடையவை. கிளிஃபோர்ட் பிரவுன் 1953இல் வாசித்ததை ஜானி கோல்ஸ் திரும்பச் சொல்ல முயலவில்லை, தன் குரலில் பேசினார். ஃபிராங்க் வெஸ் பேஸி குழுவில் வளர்ந்தவர், வுட்மன் டியூக் எலிங்டன் குழுவில் வளர்ந்தவர். அந்த வாசனை அவர்களிடம் அப்படியே இருக்கிறது.

ஒரு குறையும் சொல்லவேண்டும். இளம் வயதின் ஆபத்தான வேகம் 1953 பதிவில் இருக்கிறது, அது 1982இல் இல்லை. பதிலாக நிதானமும் தெளிவும் இருக்கிறது. இரண்டில் எது உயர்ந்தது என்று என்னைக் கேட்டால், டேமரன் என்ற எழுத்தாளரைத் தெரிந்துகொள்ள 1982 பதிவுதான் நல்லது என்பேன்.

"டேமரன் டர்ன்அரவுண்ட்" என்கிறார்களே, அது என்ன?

"லேடி பேர்ட்" பாட்டின் கடைசி இரண்டு அளவுகளில் வரும் கார்டு வரிசை. சி மேஜரில் தொடங்கி, இ ஃப்ளாட், ஏ ஃப்ளாட், டி ஃப்ளாட் வழியாக மறுபடி சி மேஜருக்குத் திரும்பும். வீட்டுக்கு நேர்வழி இருக்க, மூன்று தெரு சுற்றி அழைத்துவருவது போல. எந்த ஜாஸ் மாணவரும் இன்று இதைக் கற்காமல் இருக்க முடியாது. பாட்டு மொத்தமே 16 அளவுதான், அதிலும் வழக்கமான 32 அளவிலிருந்து விலகியிருக்கிறது.

இதேபோல வேறு டிரம்மர்கள் செய்திருக்கிறார்களா?

நிறையவே. பால் மோஷன் 1988இல் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்கின் பாட்டுகளையும், 1990இல் தன் பழைய தலைவர் பில் எவன்ஸின் பாட்டுகளையும் ஆல்பமாகச் செய்தார். பில் எவன்ஸ் மாபெரும் பியானோ கலைஞர், ஆனால் அந்த அஞ்சலியில் பியானோவே கிடையாது. அதனாலேயே எவன்ஸ் என்ற இசையமைப்பாளர் தனியாகத் தெரிகிறார். மங்கின் மகன் டி.எஸ். மங்க் ஒரு டிரம்மர், அவர் 1997இல் செய்த "மங்க் ஆன் மங்க்" ஆல்பத்திலும் டான் சிக்லரின் உழைப்பு இருக்கிறது. லூயிஸ் ஹேய்ஸ், இளமையில் தன்னை வேலைக்கு எடுத்த பியானோ கலைஞர் ஹொரஸ் சில்வருக்காக 2017இல் ஒரு ஆல்பம் செய்தார்.

டெர்ரி லின் கேரிங்டன் இன்னும் ஒரு படி மேலே போனார். ஜாஸில் எல்லோரும் வாசிக்கும் பாட்டுகளின் பட்டியலில் பெண்கள் எழுதியவை எவ்வளவு குறைவு என்று பார்த்து, பெண் இசையமைப்பாளர்களின் 101 படைப்புகளைத் தொகுத்துப் புத்தகமாக்கினார். அதிலிருந்து சிலவற்றை வாசித்து 2022இல் "நியூ ஸ்டாண்டர்ட்ஸ்" முதல் தொகுதியை வெளியிட்டார். அது 2023இல் கிராமி விருது பெற்றது. யாருடைய தாள் புத்தகத்துக்குள் வருகிறது என்பதுதான் யார் நினைக்கப்படுவார் என்பதை முடிவுசெய்கிறது என்று அவர் கண்டுகொண்டார்.

எந்த வரிசையில் கேட்கலாம்?

ஒரே பாட்டை இரண்டு காலத்தில் கேட்பதுதான் என் பரிந்துரை. முதலில் 1953இன் "ஃபில்லி ஜே.ஜே.", உடனே 1982இன் "ஃபில்லி ஜே.ஜே.". முப்பது வயதை நெருங்கிய அதே மனிதர், அறுபதை நெருங்கிய அதே மனிதர். அவருக்காகவே எழுதப்பட்ட அதே வரிகள். சரி, அதற்கப்புறம் "மேட்டிங் கால்" ஆல்பத்தில் கோல்ட்ரேன் வாசிக்கும் "ஆன் எ மிஸ்டி நைட்" கேளுங்கள். நால்வர் குழு, ஒரே ஒரு சாக்ஸபோன். பிறகு அதையே டேமரோனியா ஆறு ஊதுவாத்தியங்களோடு வாசிப்பதைக் கேளுங்கள். அப்புறம் இரண்டு "ஃபான்டேன்ப்ளோ".

ஹெட்ஃபோனில் கேட்பது நல்லது. இரண்டாவது முறை கேட்கும்போது மெட்டை விட்டுவிட்டு, செசில் பெய்னின் பாரிடோனை மட்டும் பின்தொடருங்கள்.

ஃபில்லி ஜோவுக்குப் பிறகு குழு என்ன ஆனது?

1985 ஆகஸ்ட் 30 அன்று ஃபில்லி ஜோ பிலடெல்பியாவில் காலமானார். இரண்டு ஆல்பங்களுக்கு மேல் அவரால் செய்ய முடியவில்லை. ஆனால் காதால் கேட்டு எழுதிய தாள்கள் இருந்தன. 1989இல் டான் சிக்லர் குழுவை மறுபடி கூட்டி, பாரிஸை ஒட்டிய பூலோன்-பியான்கூர் அரங்கில் வாசித்தார். அந்தக் கச்சேரி சோல் நோட் நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. டெனரில் கிளிஃபோர்ட் ஜோர்டன். டிரம்ஸில் உட்கார்ந்தவர் கென்னி வாஷிங்டன், ஃபில்லி ஜோவின் வாசிப்பை அடி அடியாகப் படித்து வளர்ந்த இளைஞர்.